கோப்பையின் வாய் வட்டமா?



பென்சிலால் படம் கீறுவது பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்படி ஒரு சகோதரியின் கடிதம் தூண்டிவிட்டது. அவர் மூன்று பிள்ளைகளின் தாய். சாதாரண தரம் வரை சித்திரம் ஒரு பாடமாகப் படித்தவர். கலியாணத்துக்குப் பிறகு பென்சிலைத் தொட்டதெல்லாம் பிள்ளைகளின் வீட்டுவேலைக்காகத்தான். அவருடைய உம்மா மௌத்தாகிவிட்டார். உம்மா வாழ்ந்த பழைய வீட்டை உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட நாநாமார் தீர்மானித்திருக்கிறார்கள். அதற்கு முன் அந்த வீட்டின் விறாந்தையையும், உம்மாவின் பித்தளை வெற்றிலைத் தட்டையும், தேநீர்க் கோப்பையையும், குர்ஆனை விரித்து வைத்து ஓதிய ரைஹாலையும் தன் கையால் வரைந்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார். முயன்று பார்த்தால் கோப்பை சரிந்து நிற்கிறதாம், விறாந்தை மலை மாதிரி ஏறிப் போகிறதாம். வரைந்ததையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டாராம். “போனில் நாலு படம் எடுத்து வைத்தால் முடிந்தது, இதற்கேன் இவ்வளவு மெனக்கேடு” என்று மாமி கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், சின்ன எழுத்தில், இது மார்க்கத்தில் கூடுமா என்றும் கேட்டிருக்கிறார்.

சின்ன எழுத்துக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி உலமாக்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். சகோதரி கேட்பது அதுவல்ல என்பதால் அதற்குள் நான் போகவில்லை. வீடு, பாத்திரம், மரம், செடி போன்ற உயிரில்லாதவற்றை வரைவதைப் பெரும்பான்மையான உலமாக்கள் தடுக்கவில்லை. உருவங்கள் செய்து பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய்துகொள் என்ற கருத்தில் அவர்கள் வழிகாட்டியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. வெற்றிலைத் தட்டுக்கு உயிரில்லை. சகோதரி தைரியமாக வரையலாம்.

மாமியின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வீடு உடைபடப் போகிறதென்றால் போனில் படங்கள் எடுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் நின்று எடுங்கள். விறாந்தையின் நீளம் அகலத்தையும் அளந்து எழுதி வையுங்கள். ஆனால் போன் ஒரு நொடியில் எடுத்துவிடுகிறது, நாம் பார்க்காமலேயே எடுத்துவிடுகிறது. ஒரு தட்டை வரைய அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விளிம்பில் எங்கே நெளிந்திருக்கிறது, சுண்ணாம்புக் கறை எந்தப் பக்கம், தேய்த்துத் தேய்த்துப் பூவேலை எங்கே மழுங்கிப் போயிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். உம்மாவின் விரல் தினமும் பட்ட இடம் அதுதான் என்பதும் அப்போதுதான் புரியும். வரைவதன் பயன் அங்கே இருக்கிறது. படம் அழகாக வருவது அதற்குப் பிறகுள்ள சங்கதி.

ஆனாலும் அழகாக வரவேண்டும் என்றுதான் சகோதரி கேட்கிறார். நான் சித்திர ஆசிரியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதிக்கொடுக்கும் நேரம் போகக் கொப்பியில் பென்சிலால் கீறிப் பழகிவருபவன். பிள்ளைகளுக்கு அரபு எழுத்தணி பழக்கும்போது பார்த்த ஒன்றை உறுதியாகச் சொல்வேன். படம் கோணலாக வந்தால் நாம் கையைக் குறை சொல்கிறோம். கையெழுத்து எழுதத் தெரிந்த எந்தக் கைக்கும், தையல் ஊசி பிடிக்கத் தெரிந்த எந்தக் கைக்கும், பென்சில் பிடிக்கும் திறமை தாராளமாக இருக்கிறது. பழகாமல் இருப்பது கண்தான்.

இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்து, அதன் வாய் என்ன வடிவம் என்று யாரிடமாவது கேளுங்கள். வட்டம் என்பார்கள். அது நமக்குத் தெரிந்த செய்தி. கண்ணுக்குத் தெரிவது வட்டமல்ல. கோப்பையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள், வாய் ஒரு நேர்கோடாகிவிடும். கொஞ்சம் தாழ்த்துங்கள், ஒடுங்கிய நீள்வட்டம். இன்னும் தாழ்த்துங்கள், நீள்வட்டம் அகன்றுகொண்டே வரும். நேர் கீழே வைத்துக் குனிந்து பார்த்தால் மட்டுந்தான் முழு வட்டம். மூளைக்குத் தெரிந்த வட்டத்தைக் கை வரைந்துவிடுவதால்தான் கோப்பை சரிந்து நிற்கிறது.

நமது முன்னோர் ஒருவர் இதையெல்லாம் 1000 ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் அவர்கள் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் போகிறது என்று நிறுவினார். அதோடு நிற்கவில்லை. கண்ணுக்குள் வந்ததை வைத்து, முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு, மனம் ஒரு தீர்ப்புக்கு வருகிறது, அந்தத் தீர்ப்பு மிக விரைவாக நடப்பதால் நாம் அதை உணர்வதேயில்லை என்றும் விளக்கினார். அந்த நூல் இலத்தீனுக்குப் போய், இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துச் சிற்பி கிபெர்ட்டி போன்றவர்கள் அதைப் படித்துத் தம் கலையைப் பற்றி எழுதினார்கள். வரையப் பழகுவது என்றால், மனம் அவசரமாகச் சொல்லும் தீர்ப்பை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணுக்குள் உண்மையில் வந்ததைக் கேட்பதுதான்.

அதை எப்படிக் கேட்பது? அளந்துதான். கையை முழங்கை மடியாமல் நீட்டிப் பென்சிலைப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பென்சிலின் நுனி கோப்பையின் வாயில் ஓர் ஓரத்தில் இருக்க, மறு ஓரம் வரும் இடத்தில் பெருவிரலை வையுங்கள். இது கோப்பையின் அகலம். அப்படியே பென்சிலை நிமிர்த்தி, அந்த அளவு கோப்பையின் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். உயரம் அகலத்தைவிடக் குறைவு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அடுத்து, வாயின் நீள்வட்டம் மேலிருந்து கீழாக எவ்வளவு என்று அளந்து பாருங்கள். இருந்து பார்க்கிறபோது அது அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் இருக்கலாம். முழங்கையை மடித்தால் அளவு மாறிவிடும், கவனம்.

எழுத்தணி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பக்தாதில் வாழ்ந்து கி.பி. 940இல் காலமான இப்னு முக்லா, எழுதுகோலின் நுனி இடும் ஒரு புள்ளியை அளவாக வைத்து, அலிஃப் இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அந்த அலிஃபுக்கு இத்தனை பங்கு என்று ஒழுங்கு செய்தார். ஒன்றை அளவாக வைத்து மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடும் அதே வழியைத்தான் கோப்பைக்கும் கைக்கொள்கிறோம்.

நீள்வட்டத்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். அதன் இரு பக்க முனைகளும் கூராக இருக்காது, மீன் வடிவில் கீறிவிடாதீர்கள். எவ்வளவு ஒடுங்கினாலும் முனை வளைந்துதான் திரும்பும். மற்றது, கோப்பையின் அடி. மேசையில் படுவதால் அடியை நேர்கோடாகக் கீறத்தான் கை போகும். அடி, வாயைவிடக் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். பீரிசின் விளிம்பும் அப்படியே. மெல்லிய ஒரு கோட்டை நடுவில் மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டு இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பை சரிவது அதோடு நின்றுவிடும்.

கோப்பையின் பிடியைப் பிடியாக வரையாமல், பிடிக்கும் கோப்பைக்கும் இடையில் தெரியும் வெற்றிடத்தை ஒரு வடிவமாக எண்ணி வரைந்து பாருங்கள். பிடி எப்படி இருக்கும் என்று மனத்துக்குத் தெரியும், ஆகவே அது குறுக்கே பேசும். வெற்றிடம் எப்படி இருக்கும் என்று மனத்துக்குத் தெரியாது, ஆகவே கண் சொல்வதைக் கேட்கும். ரைஹாலின் இரண்டு பலகைகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்கும் இதே வழிதான். மேலே விரியும் ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம். அந்த இரண்டு வெற்றிடங்களும் சரியாக வந்தால் பலகைகள் தாமாகவே சரியாக நிற்கும்.

இன்னொரு காரணத்தாலும் படம் பிழைக்கும். நம் வீடுகளில் கொப்பியை மேசையிலோ பாயிலோ தட்டையாகப் போட்டுக் குனிந்து கீறுகிறோம். அப்போது தாளின் மேற்பகுதி கண்ணுக்குத் தூரமாகி ஒடுங்கித் தெரியும், கை தெரியாமல் அங்கே நீட்டி நீட்டி வரைந்துவிடும். நிமிர்த்திப் பார்க்கும்போது எல்லாம் உயரமாகப் போயிருக்கும். ஒரு பலகையிலோ தடித்த மட்டையிலோ தாளைக் கவ்வி, முழங்காலில் ஊன்றி, கண்ணுக்கு நேராகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பாதி வரைந்ததும் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், அல்லது தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் உடனே தெரிந்துவிடும்.

பென்சிலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. அதன் உள்ளே இருப்பது ஈயமல்ல, காரீயமும் களிமண்ணும். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பொரோடேல் என்ற இடத்தில் கிடைத்த சுத்தமான காரீயத்தை அறுத்துத்தான் முதலில் எழுதினார்கள். 1795இல் பிரான்சைச் சேர்ந்த கொன்டே என்பவர், காரீயத் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டெடுக்கும் முறையைக் கண்டார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும். அதற்கு எச் என்று போடுகிறார்கள். காரீயம் கூடினால் மென்மையாகும், கோடு கறுக்கும். அதற்கு பி. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் சுரங்கங்களிலிருந்து எடுக்கும் நமது நாட்டுக் காரீயம் அதன் தூய்மைக்காக உலகெங்கும் பெயர் பெற்றது. உங்கள் பென்சிலில் இருப்பது அதுதான் என்று நான் சொல்லவரவில்லை. நம் காலடியில் இருக்கும் ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறோம் என்பதற்காகச் சொன்னேன்.

ஓர் எச்பி, ஒரு 2பி, ஒரு 4பி அல்லது 6பி, இந்த மூன்றும் போதும். பன்னிரண்டு பென்சில் பெட்டி வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம். எச்பியால் அளவுகளையும் முதல் கோடுகளையும் மிக மெல்லியதாகப் போடுங்கள். கறுப்பு வேண்டுமென்று எச்பியை அழுத்தக் கூடாது, தாள் பள்ளமாகி மினுங்குமே தவிரக் கறுக்காது. கறுப்பு வேண்டிய இடத்துக்கு 4பியை எடுங்கள். பிளேடால் சீவி முனையை நீளமாக விட்டால் நுனியால் கூரிய கோடும் பக்கவாட்டால் அகன்ற நிழலும் போடலாம். சீவும்போது பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பென்சில் வெளியில் முழுசாக இருந்தாலும் உள்ளே உடைந்திருக்கும், சீவச் சீவ முனை கழன்று விழும்.

நீண்ட கோடுகளுக்கு எழுதுவது போலப் பிடிக்காதீர்கள். பென்சிலை உள்ளங்கைக்குக் கீழே படுக்கவிட்டுப் பிடித்துத் தோளிலிருந்து கையை அசைத்தால் கோடு நடுங்காது. பிழையான கோட்டை உடனே அழிக்கும் பழக்கமும் கூடாது. பிழையான கோடு இருக்கட்டும், அதைப் பார்த்துப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டபின் அழியுங்கள். முதலிலேயே அழித்துவிட்டால் அதே இடத்தில் அதே பிழையைத்தான் மறுபடியும் கீறுவோம். அழிறப்பரை இரண்டாக வெட்டி ஒரு கூரான மூலை வைத்துக்கொண்டால், நிழலுக்குள்ளே வெளிச்சப் புள்ளி எடுக்கவும் அது உதவும்.

இனி நிழல். இதில்தான் படத்துக்கு உடல் வருகிறது. மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு யன்னலின் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை முட்டையை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் நேரே படும் இடம், மெதுவாக மங்கும் இடம், மிகக் கறுத்த ஒரு பட்டை தெரியும். அதற்கும் அப்பால், முட்டையின் ஓரத்தில், துணியிலிருந்து திரும்பி வந்த மங்கலான வெளிச்சம் ஒன்று இருக்கும். பழகாதவர்கள் அந்தத் திரும்பு வெளிச்சத்தைப் பார்ப்பதேயில்லை, ஓரம் வரை கறுப்பாக்கிவிடுகிறார்கள். முட்டை அதனால் தட்டையாகிவிடுகிறது. பிறகு துணியில் விழுந்த நிழல். முட்டை துணியைத் தொடும் இடத்தில் அது மிகக் கறுப்பு, தள்ளிப் போகப் போக வெளிறி விளிம்பு மங்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் சின்ன விவரங்கள் மறைந்து கறுப்பும் வெளுப்பும் மட்டும் தெரியும். ஒரு கிழமை முட்டையே வரையுங்கள். வரைந்து முடிந்ததும் பொரித்துக்கொள்ளலாம், வீண்விரயம் என்று மாமி சொல்ல இடமிருக்காது.

விரலால் தேய்த்து நிழலை வழுவழுப்பாக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் செய்வார்கள். விரலின் எண்ணெய் தாளில் ஊறித் திட்டுத் திட்டாக நின்றுவிடும், பிறகு அழித்தாலும் போகாது. சமையலறையிலிருந்து வரும் நமது சகோதரிகளின் கையில் தேங்காய் எண்ணெய்யும் இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கைக்கடியில் வேறொரு தாளை வைத்துக்கொண்டு, நெருக்கமான மெல்லிய கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு நிழலை ஏற்றுங்கள். பொருளின் வளைவோடு கோடுகளும் வளைந்து போகட்டும். நேரம் எடுக்கும். பாய் இழைக்கும் உம்மாமாரின் பொறுமை நமக்குத் தெரியாததா?

பித்தளைத் தட்டு முட்டையைப் போல அல்ல. மினுங்கும் பொருளில் மிக வெளுப்பும் மிகக் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில், கூரிய விளிம்போடு நிற்கும். மெதுவான மங்கல் அங்கே குறைவு. யன்னலின் உருவமே தட்டில் வளைந்து தெரியும். அந்த வெளிச்சத் துண்டுகளைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். முதலிலேயே அவற்றின் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சுற்றிலும் கறுப்பை ஏற்றுங்கள். வெயில் நகர நகர நிழலும் நகர்வதால் விழுந்த நிழலின் எல்லையையும் ஆரம்பத்திலேயே குறித்துவிடுவது நல்லது. ஒரே இருப்பில் முடியாவிட்டால் அடுத்த நாள் அதே நேரத்தில் தொடருங்கள். அஸருக்குப் பின் தொடங்கியதைக் காலையில் தொடர்ந்தால் நிழல் மறு பக்கம் விழுந்திருக்கும்.

விறாந்தைக்கு வருவோம். அது மலை மாதிரி ஏறுவதற்குக் காரணம் கண்மட்டக் கோட்டைக் குறிக்காததுதான். நீங்கள் கதிரையில் இருந்து நேரே முன்னால் பார்க்கும் உயரத்தில் தாளில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். விறாந்தையை நீளவாக்கில் பார்க்கும்போது, உங்களைவிட்டு விலகிப் போகும் கோடுகள் எல்லாம் அந்தக் கோட்டிலுள்ள ஒரே புள்ளியை நோக்கிப் போகும். கூரைப் பக்கத்துக் கோடுகள் மேலிருந்து இறங்கிப் போகும், தரையின் கோடுகள் கீழிருந்து ஏறிப் போகும். ஏறினாலும் கண்மட்டக் கோட்டைத் தாண்டாது. தரை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கேதான் பிழை.

தூண்களின் இடைவெளி தூரம் போகப் போகக் குறையும். எவ்வளவு குறையும் என்று ஊகிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு தூண்களையும் அளந்து சரியாக வரைந்துகொள்ளுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு மெல்லிய கோட்டை இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூணின் அடி நிற்கும். நான்காவதுக்கும் அப்படியே. தூண்கள் சம தூரத்தில் கட்டப்பட்டிருந்தால் இது பொய்க்காது. அதன் பிறகு, தூணுக்குப் பக்கத்தில் உம்மா வழமையாகக் கதிரை போட்ட இடத்தில் தரையின் சீமெந்து தேய்ந்திருந்தால் அதையும் விடாமல் வரையுங்கள்.

வீடு உடைக்க எத்தனை நாள் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. மூன்று மாதம் இருந்தால், முதல் மாதம் கோப்பையும் முட்டையும் மட்டும், நாளுக்குக் கால் மணி நேரம். பிள்ளைகள் பாடசாலை போன பிறகோ இஷாவுக்குப் பிறகு உறங்கிய பிறகோ அந்தக் கால் மணி கிடைக்கும். இரண்டாம் மாதம் தட்டும் ரைஹாலும். விறாந்தையைக் கடைசியில் தொடுங்கள். ஒரு மாதந்தான் இருக்கிறதென்றால் விறாந்தையை முதலில் வரையுங்கள். தட்டையும் கோப்பையையும் புது வீட்டுக்கும் கொண்டுபோகலாம், விறாந்தையைக் கொண்டுபோக முடியாது.

ஒரு கொப்பியில் வரிசையாக வரையுங்கள், எதையும் கிழிக்க வேண்டாம். மிக மினுமினுப்பான தாள் பென்சிலைப் பிடிக்காது, சற்றுச் சொரசொரப்பானது நல்லது. 4பி, 6பியால் வரைந்தவை உராய்ந்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கொப்பியை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். படத்தின் பின்புறத்தில் திகதி, எந்த நேரத்து வெளிச்சம், எந்தக் கதவடியில் இருந்து பார்த்தது என்று எழுதிவிடுங்கள். பேனையால் எழுதினால் அழுத்தத்தில் கோடு முன்பக்கம் தெரியும், எச்பியால் அழுத்தாமல் எழுதுங்கள்.